அம்மா படுத்துப் பார்த்த வான்

என் வயதுக்காரருக்காகத்தான் இதை எழுதுகிறேன். இளையவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும், குறையில்லை. நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனாலும் இன்னொருவரிடம் சொல்லி எழுதுவிக்க எனக்கு மனமில்லை. நான் பட்ட பயத்தை நானே எழுத வேண்டும்.

எங்கள் காலத்துப் பிள்ளைகள் எதற்குப் பயப்பட்டோம் என்று உங்களுக்குத் தெரியும். யானை, பாம்பு, காய்ச்சல், வாத்தியாரின் பிரம்பு. எனக்கு ஒரு வருசம் அவை ஒன்றுக்கும் பயமில்லை. அம்மா இருந்துவிட்டு எழும்பிய இடத்தைப் பார்க்கத்தான் பயம். ஏன் என்று சொல்கிறேன், ஆறுதலாகக் கேளுங்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எனக்குக் கீழே மூன்று பேர். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து, குளத்துக்குக் கீழே கொடுத்த காணியில் காடு வெட்டி வயலாக்கிய குடும்பம் எங்களது. தர்மபுரத்திலிருந்தும் உள்ளே போக வேண்டும். வீட்டில் ஐயாவின் தமக்கையும் இருந்தார், எங்களுக்கு மாமி. அம்மாவின் தம்பியும் இருந்தார், எங்களுக்கு மாமா. மாமா பரந்தனில் லொறி ஓட்டிவிட்டு, முதலாளியோடு கொழுவிக்கொண்டு வந்து எங்களோடு வயல் செய்தவர்.

முந்தின வருசம் மாரியில் அம்மாவைப் பிள்ளைப்பேற்றுக்கு வண்டிலில் வைக்கோல் பரப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது அம்மா மட்டும்தான் வந்தார். பிறந்த தம்பி எங்கே என்று கேட்டோம். "ஆசுப்பத்திரியிலை நிக்கிறான், பிறகு வருவான்" என்று ஐயா வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு மாடு கட்டப் போய்விட்டார். என் சின்னத் தங்கை அவன் விளையாட என்று ஒரு சிரட்டையில் புளியங்கொட்டை சேர்த்தாள். சிரட்டை நிறைந்தது. பிறகு ஒருநாள் அதைக் காணவில்லை. யார் எடுத்து எறிந்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பெரியவர்களுக்கு அது வெறும் புளியங்கொட்டை.

அடுத்த வருசம் அம்மா திரும்பவும் வயிற்றோடு இருந்தார். கோடையில், சிறுபோக நெல் முற்றி நின்ற நேரம், மருத்துவிச்சி அம்மா சைக்கிளில் வந்தார். அவரும் அம்மாவும் குசினிக்குள் கதைத்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"வடிவாய்க் கேளும் பிள்ளை. ஒரு துளி இரத்தம் கண்டாலும் நீர் குந்தியிருக்கக் கூடாது. நீட்டி நிமிர்ந்து படுக்கவேணும். படுத்தபடியே ஆசுப்பத்திரிக்கு வரவேணும். சுறுக்காய் வரவேணும். வண்டில் இனிச் சரிவராது. போன முறை நீர் தப்பினதே பெரிய காரியம்."

மருத்துவிச்சி அம்மா போனபிறகு அம்மா கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கேட்டனியே?"

"ஓம்."

"வாய் திறக்கப்படாது. மாமி அறிஞ்சா ஊரெல்லாம் ஒப்பாரி வைப்பா. என்ரை பின்பக்கம் எனக்குத் தெரியாது பிள்ளை. நான் எழும்பின இடத்தை நீ பாத்துக்கொள்."

ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுத்திருக்கக் கூடாது. இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு அம்மாவுக்கு வேறு யார் இருந்தார்கள்?

அன்று பிடித்தது பயம். அம்மா குசினிப் பலகையிலிருந்து எழும்பினால் பலகையைப் பார்ப்பேன். கிணற்றடிக் கல்லைப் பார்ப்பேன். விடிய எழும்பிப் பாயைப் பார்ப்பேன். சிவப்பு எதைக் கண்டாலும் நின்றுவிடுவேன். மாமி முற்றத்தில் துப்பிய வெற்றிலைச் சாற்றைக் கண்டு ஒருநாள் கத்தியே விட்டேன். "பேய் கண்டவள் மாதிரி என்னடி" என்று மாமி தலையில் குட்டினார். சோறு இறங்கவில்லை. என்னைப் பூச்சி பிடித்திருக்கிறது என்று சொல்லி வேப்பிலை அரைத்துப் பருக்கினார்கள்.

நெல் அரிந்து விற்றதும் ஐயா, "ஒரு பழைய வான் எடுப்பம்" என்றார். ஊரில் உழவு மெசின் வாங்கியவர்கள் இருந்தார்கள், வான் வாங்கியவர் ஒருவரும் இல்லை. "குடும்பம் பெருக்குது. வண்டிலிலை இனிக் கொள்ளாது. மச்சான் ஓடுவான்தானே" என்று வந்தவர் போனவர் எல்லாருக்கும் சொன்னார்.

அம்மா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இஞ்சாருங்கோ, படுத்துக்கொண்டு போகக்கூடின மாதிரிப் பாருங்கோ."

"ஓம் ஓம்" என்றார் ஐயா, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு. வாசலைத் தாண்டும்போது சொல்கிற ஓம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஐயா நாலு காலில் நிற்கிற எதையும் மாட்டு வைத்தியம் செய்யும் பரியாரியார் பாராமல் வாங்கியதில்லை. வானுக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்.

"அத்தான், வானுக்குமோ பரியாரியார்?" என்று மாமா சிரித்தார்.

"நாலு காலுக்குப் பாக்கிறவர் நாலு சில்லுக்கும் பாப்பார். நீ வாயைப் பொத்திக்கொண்டு எஞ்சினைப் பார்."

முதலில் வந்தது முல்லைத்தீவுக் கருவாட்டு வியாபாரியின் வான். அவர் முஸ்லிம் ஆள், ஐயா அவரை நானா என்றுதான் கூப்பிடுவார். அவரே ஓட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினார். சாம்பல் நிறம், பக்கமெல்லாம் நெளிவு. பின்பக்கம் இருக்கை ஒன்றும் இல்லை, மூட்டை ஏற்றுவதற்காகத் தட்டையான பலகைத் தளம். கருவாட்டு வாடை முற்றம் முழுக்கப் பரந்தது. எங்கள் பூனை வானுக்குக் கீழே போய்ப் படுத்ததுதான், கம்பால் குத்தியும் வரவில்லை.

மாமா முன்னால் கம்பியைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். எஞ்சின் உடனே பிடித்தது. பரியாரியார் மூடியில் காதை வைத்துக் கேட்டார், மாட்டின் வயிற்றில் வைத்துக் கேட்பாரே, அப்படி.

"தீன் எப்பிடி?"

"வேலைக்கேத்த தீன் தான் பரியாரியார். சும்மா நிண்டா ஒண்டும் கேக்காது" என்றார் நானா.

பரியாரியார் கையால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். பின்னால் போனதும் நின்றுவிட்டார். பின்கதவுக்கு இரு பக்கமும், ஒரே உயரத்தில், வட்டமாக இரண்டு நெளிவு. விரலை வைத்துப் பார்த்தார். பிறகு ஐயாவைப் பார்த்தார்.

"தம்பி, பாடைச் சுழி."

மாட்டின் முதுகில் பின்பக்கமாக, இரண்டு புறமும் ஒத்தாற்போலச் சுழி இருந்தால் அதற்கு அந்தப் பெயர். அந்த மாட்டை வாங்கிய வீட்டில் பாடை கட்டுவார்கள் என்று சொல்வார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு மாட்டைச் சும்மா தந்தாலும் ஒருவரும் கட்டமாட்டார்கள். பாடை என்ற சொல் கேட்டதும் நான் குசினி வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

நானா சிரித்தார். "அது உப்பு மூட்டை இடிச்ச நெளிவு. தட்டி எடுத்தாச் சரி."

"இடிச்சது மூட்டையாய் இருக்கலாம். இடம் அந்த இடம்."

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "வயித்துப்பிள்ளைக்காரி உதுக்குள்ளை ஏறுறதோ தம்பி" என்றார்.

அப்போதுதான் அம்மா குசினிக்குள்ளிருந்து வெளியே வந்தார். ஒருவரையும் பார்க்கவில்லை. நேரே போய்ப் பின்கதவைப் பிடித்து, ஒரு முழங்காலை ஊன்றி, உள்ளே ஏறினார். அந்தக் கருவாட்டுப் பலகையில், பெரிய வயிற்றோடு, மல்லாந்து படுத்தார். காலை நீட்டினார். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

பரியாரியார் குனிந்து ஒரு சில்லைப் பார்த்தார். மாமா தன் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். நானா திரும்பி நின்று அறுவடை முடிந்த வயலைப் பார்க்கத் தொடங்கினார்.

"இறங்கும்" என்றார் ஐயா.

"கொஞ்சம் பொறுங்கோ." அம்மா பக்கவாட்டில் திரும்பிப் படுத்துப் பார்த்தார். பிறகு, "தலையும் காலும் நிமிருது" என்றார். அதை என்னைப் பார்த்துச் சொன்னார்.

நானா திரும்பாமலே சொன்னார். "எங்கட வீட்டுக்காரியையும் இதுக்குள்ள படுக்க வச்சுத்தான் கொண்டுபோன. ரெண்டு புள்ளைக்கும். தங்கச்சி பாக்கிறது சரிதான்."

ஐயா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, "யோசிச்சுச் சொல்லுறன் நானா" என்று அனுப்பிவிட்டார். நானா தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அவரை ஒருவரும் மறிக்கவில்லை. பூனையை மட்டும் மாமா இழுத்து எடுத்தார்.

சுழி சரியில்லை என்று ஐயா ஊருக்குச் சொன்னார். இவ்வளவு காலம் கழித்து யோசித்துப் பார்த்தால், அது சுழி இல்லை. அவர் அந்த அளவுக்குச் சுழி நம்புகிறவரும் இல்லை. தன் மனுசி நாலு ஆம்பிளைகளுக்கு முன்னால் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார், அதுதான். அந்த வானை வாங்கினால் ஒவ்வொரு நாளும் முற்றத்தில் அதைப் பார்க்க வேண்டும். வெட்கத்தைச் சொல்ல முடியாது, சுழியைச் சொல்லலாம்.

இரண்டாவது வானைப் பென்சன் எடுத்த கிளாக்கர் ஒருவரிடம் முரசுமோட்டையில் பார்த்தார்கள். ஐயா அதைப் பேசி முடித்து, மாமா ஓட்டிக்கொண்டு வந்தார். நீல நிறம், புதுப் பெயின்ற். யன்னலுக்கு மஞ்சள் பூப்போட்ட சீலைத் திரை, அதற்குக் கீழே சுருக்கு வைத்துத் தைத்திருந்தது. அப்படி ஒரு திரையை நான் பிறகு எங்கும் காணவில்லை. உள்ளே மூன்று வாங்குகள், ஒடுக்கமான பலகை இருக்கைகள், குறுக்காகப் போட்டுத் தளத்தோடு நட்டால் முறுக்கியிருந்தது. பரியாரியார் தடவிப் பார்த்து, "எண்ணெய் வைச்ச உடம்பு. ஒரு சுழி இல்லை" என்றார். அவ்வளவு பெயின்ற் அடித்தால் எந்தச் சுழி தெரியும்.

ஐயா எங்களை ஒவ்வொருவராகத் தூக்கி வாங்கில் இருத்தினார். மாமியை ஏறச் சொன்னார். எல்லாரும் இருந்த பிறகும் ஒரு ஓரம் மிஞ்சியது. அதைக் கையால் தட்டி, "இது வரப்போறவருக்கு" என்றார். அவர் அவ்வளவு சந்தோசமாக நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு எல்லாரும் ஒன்றாகப் போவோம் என்றார். அவர் குறைந்த மனுசன் இல்லை. எங்கள் எல்லாரையும் நினைத்துத்தான் அந்த வானை எடுத்தார். அம்மாவையும் அந்த எல்லாருக்குள் ஒரு ஆளாக எண்ணிக்கொண்டார்.

அம்மா கிணற்றடியில் நின்றார். அவரை ஒருவரும் கேட்கவில்லை.

பிள்ளையார் கோயிலடியில் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கினோம். அந்த ஓட்டத்தில்தான் அம்மா முதலில் ஏறினார். முன் வாங்கு முழங்காலில் இடித்தது, வயிறு மடிந்து நின்றது. வீடு வந்ததும் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "உது கோயிலுக்குப் போற வான்" என்று மட்டும் சொன்னார். நான் ஓடிப்போய் வாங்கைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. புதுப் பெயின்ற் மணம்தான் இருந்தது.

ஒருநாள் துணிந்து ஐயாவிடம் போனேன். "ஐயா, அதுக்குள்ளை அம்மாவுக்குப் படுக்க இடமில்லை."

ஐயா சிரித்தார். "கொம்மா எப்ப பகலிலை படுத்தவா? படுத்தா எனக்கும் சொல்லு, பாக்கவேணும்."

அதற்கு மேல் சொன்னால் அம்மா வாய் திறக்கப்படாது என்றதைச் சொல்ல வேண்டி வரும். வந்துவிட்டேன்.

மாரி பிடித்தது. விடிய விடிய மழை. வான் மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் கிடுகுக் கூரைக்குக் கீழே நின்றது. தண்ணீர் வாய்க்காலை நிறைத்து, வேலியடியில் வந்து நின்றது. நான் பார்ப்பதை விடவில்லை. பலகை, கல், பாய். பலகை, கல், பாய்.

ஒரு காலமை அம்மா அடுப்படியிலிருந்து எழும்பினார். பலகையில் இருந்தது. ஒரு சல்லிக்காசு அளவுதான்.

கையால் காட்டினேன். அம்மா பார்த்தார். அடுப்பிலிருந்த பானையை இறக்கி வைத்தார், அதை நான் மறக்கமாட்டேன், இறக்கி வைத்து மூடினார். பிறகு அப்படியே சாணி மெழுகிய நிலத்தில் படுத்தார்.

"கொய்யாவைக் கூப்பிடு."

ஐயா வரம்பிலிருந்து ஓடி வந்தார். மாமா வானைப் பிடிக்க வைத்து முற்றத்துக்குக் கொண்டுவந்தார். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, அதைச் சொல்ல வேண்டும். ஐயாவும் மாமாவும் அம்மாவைப் பாயோடு தூக்கிக் கொண்டுபோய் நடு வாங்கில் வைத்தார்கள். வாங்கு ஒடுக்கம். அம்மா சரிந்தார். ஐயா பிடித்து நிமிர்த்தி இருத்தப் பார்த்தார்.

"என்னாலை இருக்கேலாது. இருக்கப்படாது. படுக்கவேணும்."

"கொஞ்சத் தூரம்தானே, பிடிச்சுக்கொண்டு இரும்."

"இருந்தாச் செத்துப்போவன்" என்றார் அம்மா. சத்தம் போடவில்லை. உப்பு முடிந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார்.

ஐயாவின் முகம் அப்போதுதான் மாறியது. அம்மாவைத் தூக்கி இறக்கி விறாந்தையில் கிடத்தினார்கள். மாமா நட்டுக் கழற்றும் சாவியைக் கொண்டு வாங்கின் நட்டைத் திருப்பப் பார்த்தார். பெயின்றை நட்டுக்கும் மேலாலே பூசிவிட்டிருந்தார்கள். சாவி பிடிக்கவில்லை. சுரண்டினார். திருப்பினார். வழுக்கிக் கை கிழிந்தது.

"அத்தான், இது வராது."

ஐயா கோடாலியை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினார். முன் வாங்கு, நடு வாங்கு இரண்டையும் கொத்தினார். சிம்பு பறந்து யன்னல் திரையில் குத்தியது. வானே ஆடியது. கொத்துக்கு ஒருக்கால் "அம்மாளே, அம்மாளே" என்றார். மாமி தங்கைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். நான் அம்மாவின் தலைமாட்டில் குந்தியிருந்து பாயைப் பார்த்தேன். சல்லிக்காசு இப்போது உள்ளங்கை அளவாகிவிட்டது.

வைக்கோல் போரில் நனையாத உள்வைக்கோலை இழுத்து வந்து, ஆணி குத்தாமல் கனமாகப் பரப்பினார்கள். அம்மாவைப் படுக்க வைத்தார்கள். கால் நிமிர்ந்தது.

"மூத்தவள் வரட்டும். என்ரை தலையைப் பிடிப்பாள்" என்றார் அம்மா.

தாழ்ந்த பாலத்தடியில் ரோட்டையும் ஆற்றையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாம் ஒரே கலங்கல் தண்ணீர். ஐயா இறங்கி, மண்வெட்டியை ஊன்றி ஊன்றி ரோட்டு விளிம்பைப் பார்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். தண்ணீர் அவர் தொடைக்கு வந்தது. மாமா அவரின் முதுகைப் பார்த்துப் பின்னால் ஓட்டினார். நடுவில் தண்ணீர் கதவுக்குக் கீழாலே உள்ளே வந்தது. வைக்கோல் ஊறியது. நான் அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செம்மண் தண்ணீரும் சிவப்புத்தான். எது எது என்று எனக்குத் தெரியவில்லை.

"அம்மா" என்றேன்.

அம்மா கண்ணை மூடியிருந்தார். "தலையை ஆட்டாதை" என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் கதைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அம்மாவின் ஒரு கை கீழே தொங்கிக்கொண்டு போனது. வாசலில் வான் நிற்கக்கூடாது என்று சொல்ல, மாமா அதைச் சுற்றிக் கொண்டுபோய் பிள்ளைப்பேற்று வாட்டின் பின்சுவரோடு நிறுத்தினார். "இறங்காதை, இதுக்குள்ளையே இரு" என்று சொல்லிவிட்டு அவரும் ஓடினார்.

எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. மழை கூரையில் கொட்டியது. என் பாவாடை, கை, வைக்கோல் எல்லாம் ஒரே நிறமாக இருந்தன. பிறகு பார்த்தேன், ஐயா வருகிறார். ஓடி வரவில்லை, நடந்து வருகிறார். தலையைக் குனிந்துகொண்டு, சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

போன வருசமும் அவர்தான் வந்து வாசலில் நின்று சொன்னார். இந்த முறை அதைச் சொல்ல விடமாட்டேன் என்று நினைத்தேன். கதவுக்கு உள்ளே ஒரு கொளுக்கி இருந்தது. கொளுவினேன்.

ஐயா கதவை இழுத்தார். வரவில்லை. கண்ணாடியில் முகத்தை வைத்து ஏதோ சொன்னார். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை, கேட்கவும் நான் விரும்பவில்லை. கொளுக்கியை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் தட்டினார். திரும்பவும் இழுத்தார். சொல்லாத வரைக்கும் அம்மா இருப்பார். எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. வேண்டுமென்றால் விடியும் வரைக்கும் அவர் மழையில் நிற்கட்டும்.

மழைச் சத்தம் சற்றுத் தணிந்தது. வாட்டின் யன்னல் வானுக்கு நேர் மேலே திறந்திருந்தது. அங்கேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அடியே மூத்தவளே. கதவைத் திறவடி. அந்த மனிசன் நனையுது."

கிணற்றின் அடியிலிருந்து வருவது போல மெலிந்த குரல். ஆனால் அதில் அம்மாவின் ஏச்சு இருந்தது. ஏச்சு முடியுமுன்னே, அதற்குப் பக்கத்தில் ஒரு குழந்தையும் வீரிட்டுக் கத்தத் தொடங்கியது.

கொளுக்கியை எடுக்கப் பார்த்தேன். இறுக்கி அமத்தியிருந்ததில் அது கழலவில்லை. வெளியே ஐயா பொறுத்து நின்றார்.